வயர் இல்லாத கிடார்

எண்பதுகளின் நடுவில், எனக்கு இருபத்தாறு வயதிருக்கும்போது, வயர் இல்லாமல் எலெக்ட்ரிக் கிடார் வாசிக்கிற செட் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வாங்கினேன். தப்பானதை வாங்கினேன். அதனால் என் கூட்டாளி செத்துப்போனான். இதை இவ்வளவு நேராகச் சொல்ல எனக்கு முப்பத்தைந்து வருடங்களுக்கு மேல் ஆகியிருக்கிறது. சுற்றி வளைத்துச் சொல்லி, கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உங்களையும் துடைக்கவைக்கும் உத்தேசம் எனக்கு இல்லை.

நாங்கள் ஏழு பேர் சேர்ந்து போடியில் ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தோம். கல்யாணம், கோயில் பொங்கல், பள்ளிக்கூட ஆண்டுவிழா, எதையும் விடுவதில்லை. வார நாள்களில் நான் ஏலக்காய்க் கடையில் மூட்டைகளுக்குச் சீட்டு எழுதுகிறவன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கலைஞன். குழுவுக்குத் தலைவனும் நான்தான். யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆம்ப்ளிஃபயர் என் வீட்டில் இருந்தது, அவ்வளவுதான்.

என் கூட்டாளி ஜீப்பு ஓட்டுகிறவன். விடிந்ததும் தோட்டத்து வேலைக்காரர்களை அள்ளிப் போட்டுக்கொண்டு போடிமெட்டுக்கு ஏறுவான், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வந்து விடுவான். பத்துப் பேர் உட்கார வேண்டிய வண்டியில் இருபது பேர் இருப்பார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் பாடிக்கொண்டே திருப்புவான். பின்கம்பியில் தொங்குகிறவர்கள்கூடத் தகரத்தைத் தட்டித் தாளம் போடுவார்களாம். குழுவில் அவன் பேஸ் கிடார் வாசிப்பான். அது நாலு கம்பி உள்ள கிடார், பாட்டுக்கு அடியில் நின்று கனம் கொடுப்பது. அதை வாசித்துக்கொண்டே பாடவும் செய்வான். இரண்டையும் ஒரே ஆள் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். நான் செய்து பார்த்தேன், வரவில்லை. பொறாமை இருந்ததா என்றால், இருந்தது.

அவன் மலையில் பிறந்தவன். மெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் இருந்துகொண்டு, அவன் அம்மா இன்னும் காய் எடுத்துக்கொண்டிருந்தார். அவன் அப்பா அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் சாமியாடி. சித்திரைப் பொங்கலில் அம்மன் அவர்மேல்தான் இறங்கும், வாக்குச் சொல்லும். அவர் செத்து நாலு வருடம் யார்மேலும் இறங்கவில்லை. லயத்துச் சனம் முழுவதும் மகன்மேல் கண் வைத்துக் காத்திருந்தது. அவனோ சிரிப்பான்.

“லோடு ஏத்தியே வண்டி மெட்டு ஏற மாட்டேங்குது. இதுல ஆத்தா வேற ஏறுனா என்னாகுறது மாப்ளே?”

அவன் அம்மா பதறி வாயில் அடித்துக்கொள்வார்.

எனக்கு வயர் இல்லாத கிடார்மேல் ஆசை வந்தது ஒரு வீடியோ கேசட்டால். போடியில் அப்போது வாடகை டெக் வைத்துப் படம் காட்டுவார்கள். ஒருநாள் படத்துக்கு நடுவே ஏதோ வெளிநாட்டுக் கச்சேரி பதிவாகியிருந்தது. கிடார்க்காரன் வாசித்துக்கொண்டே மேடையிலிருந்து இறங்கி, கூட்டத்துக்குள் புகுந்து, மறுபக்கம் போய் நின்றான். வயரைக் காணோம். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். எங்கள் கச்சேரிகளில் என் வயரை மாப்பிள்ளையின் சித்தப்பா மிதிப்பார், சந்தனக் கிண்ணத்தோடு வருகிறவர் தடுக்குவார். பத்தடிக்கு மேல் நான் நகர்ந்தால் ஜாக் பிடுங்கிக்கொள்ளும். கூட்டத்துக்குள் இறங்கி நடக்க வேண்டும் என்கிற எண்ணம் அன்றைக்கே தலைக்கு ஏறிவிட்டது. வாசிப்பு நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக அல்ல, வெறும் பந்தாவுக்குத்தான்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த அண்ணனிடம் முதலில் போனேன். கேட்டுவிட்டு ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். போனபோது ஒரு சோப்பு டப்பாவை நீட்டினார். உள்ளே நாலைந்து உதிரிகள், ஒரு காயில், ஒன்பது வோல்ட் பேட்டரி.

“நீ வாசிக்கிறத இது காத்துல விடும் தம்பி. அந்தப் பக்கம் ஒரு சின்ன ரேடியோ அதப் புடிச்சு ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும். ரேடியோவும் டார்ச்சு பேட்டரிலதான் ஓடும். கரண்டுக்கும் இதுக்கும் சோலியே இல்ல.”

அவர் கடை வாசலில் வாசித்துப் பார்த்தோம். முதல் பாட்டு நன்றாகக் கேட்டது. இரண்டாவது பாட்டில் என் கிடார் ஆம்ப்ளிஃபயரில் இல்லை, எதிர்த்த டீக்கடையின் டேப் ரெக்கார்டர் ரேடியோவில் இருந்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் இரண்டு கையையும் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டார். கூட்டாளி தரையில் உட்கார்ந்து சிரித்தான். கைச்சூட்டில் அலைவரிசை நகர்கிறது என்று சொல்லி, காயிலுக்கு மேல் மெழுகு உருக்கி ஊற்றினார் அண்ணன். அதற்கப்புறம் அரை மணி நேரம் அசையாமல் நின்றது. கொஞ்சம் இரைச்சல் உண்டு, ஆனால் வேலை செய்தது.

“ஒண்ணுக்கு ரெண்டாப் போட்டுத் தர்றேன். உனக்கு ஒண்ணு, அவனுக்கு ஒண்ணு” என்றார்.

நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மறுவாரம் ரயிலேறி மதுரைக்குப் போனேன். அங்கே ஒரு கடையில் சிங்கப்பூரிலிருந்து வந்த செட் ஒன்று இருப்பதாகக் கேள்வி. கறுப்பு நிறம். இடுப்பில் மாட்டிக்கொள்ள ஒரு டப்பா, ஆம்ப்ளிஃபயர்மேல் வைக்க ஒரு பெட்டி. பெட்டியில் இரண்டு ஏரியல், சிவப்பு விளக்கு. அதற்கு மட்டும் கரண்டு வேண்டும். கடைக்காரர் விளக்கை எரியவிட்டு என் முகத்தைப் பார்த்தார். விற்றுப்போயிற்று என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. குழுவின் பணத்தில் சோப்பு டப்பா என்றால் இரண்டு வரும், இது என்றால் ஒன்றுதான் வரும்.

திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னபோது கூட்டாளி ஒரே வார்த்தையில் முடித்தான்.

“சோப்பு டப்பாவ வாங்கு மாப்ளே. ரெண்டு பேருக்கும் ஆச்சு.”

“சோப்பு டப்பாவ இடுப்புல கட்டிக்கிட்டு மேடையில நிக்கச் சொல்றியா? குளிக்கவா போறோம்?”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு விவாதம் முடிந்தது. நான் மதுரைச் செட்டை வாங்கினேன்.

எங்கள் ஒத்திகை மாவு மில்லை ஒட்டிய ஓர் அறையில் நடக்கும். புதுப் பெட்டியை ஆம்ப்ளிஃபயரோடு சேர்த்ததும் ‘உர்ர்ர்’ என்று ஒரு சத்தம். வயர் போட்டு வாசித்த காலத்தில் அது லேசாக இருந்திருக்கும், நாங்கள் கவனித்ததில்லை. இப்போது பாட்டை விட அதுதான் பெரிதாகக் கேட்டது. ரேடியோ அண்ணன் வந்து பார்த்தார். மில் மோட்டாரின் தொந்தரவு எர்த் வயர் வழியாக வருகிறது என்றார். ஆம்ப்ளிஃபயரின் மூன்று முனை பிளக்கைத் திறந்து, பச்சை வயரைக் கழற்றி மடக்கி வைத்தார். சத்தம் சட்டென்று நின்றது. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவர் என்னை விரல் நீட்டி எச்சரித்துவிட்டுத்தான் போனார். “இது இங்க மட்டுந்தான் தம்பி. வெளிய வாசிக்கப் போகும்போது மறக்காம மாட்டிரு. ஈரத்துல இந்தப் பொட்டியில கரண்டு கசியும். எர்த்து இருந்தா மண்ணுக்குள்ள போயிரும். இல்லேன்னா கிடார்க் கம்பியத் தொடுறவன் மேலதான் போகும்.”

சரி என்று தலையாட்டினேன். அவர் சொன்னது புரியாமல் போகவில்லை. நன்றாகவே புரிந்தது. முதல் இரண்டு கச்சேரிகளுக்கு முன்னால் பச்சை வயரை மாட்டவும் செய்தேன். கல்யாண மண்டபங்களில் சீரியல் பல்புகள், கிரைண்டர் மோட்டார், எல்லாம் ஓடும். வயரை மாட்டினால் உறுமல் வந்தது. மூன்றாவது கச்சேரியிலிருந்து மாட்டவில்லை.

அப்போதிருந்துதான் கூட்டாளியை மைக் கடிக்க ஆரம்பித்தது. எங்களுடைய ஆம்ப்ளிஃபயர் கிடார்களுக்கு மட்டும், அவன் பேஸ் வயரோடு அதில் மாட்டியிருக்கும். பாடுகிற மைக், மைக்செட்டுக்காரர்களின் வேறு ஆம்ப்ளிஃபயரில் இருக்கும், அதற்கு எர்த் உண்டு. கையில் கிடார்க் கம்பி, உதட்டில் மைக், இரண்டுக்கும் நடுவில், கசிகிற கரண்டு மண்ணுக்குப் போகிற வழியாக அவன் நின்றான். என் கிடாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவிலோ காற்றுதான் இருந்தது. எனக்கு ஒன்றும் ஆகாது.

ஒரு கல்யாணம் முடிந்து ஜீப்பில் சாமான்களை ஏற்றும்போது கீழுதட்டைத் தடவிக்கொண்டே கேட்டான்.

“மாப்ளே, அந்தக் கறுப்பு டப்பாவ எனக்குக் கொடேன். பாடுறப்ப உதட்டுல கட்டெறும்பு கடிக்கிற மாதிரி இருக்கு.”

“பேஸ் வாசிக்கிறவன் எங்கடா நடக்கப் போற? நின்ன இடத்துல நிக்கிற ஆளுக்கு எதுக்கு அது?”

“நடக்க இல்ல. கடிக்குதுன்றேன்.”

“மைக்குக்கு ஸ்பாஞ்ச் போட்டுக்க. கடிக்காது.”

மறுநாள் ஜீப்பு சீட்டிலிருந்து ஒரு துண்டு ஸ்பாஞ்சை நானே அறுத்து, மைக்குக்கு உறை மாதிரி தைத்துக் கொடுத்தேன். பெரிய உபகாரம் செய்ததாக எனக்கு நினைப்பு. அவன் அதை வாங்கிக்கொண்டான். மறுபடி கேட்கவில்லை. என்னிடம் இரண்டாவது தடவை எதையும் கேட்கிற பழக்கம் அவனுக்கு இல்லை. பச்சை வயரைத் திரும்ப மாட்டு என்று கேட்க அவனுக்குத் தெரியாது. தெரிந்தவன் நான். மாட்டினால் உறுமும். உறுமினால் என் கிடார் அசிங்கமாகக் கேட்கும். இதற்காகத்தான், இந்த ஒன்றுக்காகத்தான். இப்போது எழுதும்போதும் என்னை ஓங்கி அறைய வேண்டும் போலிருக்கிறது.

சித்திரையில் அவனுடைய தோட்டத்திலேயே பொங்கல் கச்சேரி கேட்டார்கள். மலையில் கச்சேரி பகலில்தான். இருட்டினால் யானை நடமாட்டம், ஜீப்பு இறங்காது. காலையில் அவனே வண்டியை எடுத்தான். ஆம்ப்ளிஃபயர் பின்னால் தார்ப்பாய்க்குள் இருந்தது. மெட்டு தாண்டியதும் கோடை மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் நனைந்தது, பெட்டியும் நனைந்தது. துடைத்துக்கொள்ளலாம் என்றேன்.

கோயில், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு முன்னால், காப்பிக்கொட்டை காயப்போடும் களத்தில் இருந்தது. களத்தின் ஒரு முனையில் கோயில், அதை ஒட்டி டிரம்கள்மேல் பலகை அடுக்கிய மேடை. மழைத் தண்ணீரில் வழுக்காமலிருக்கப் பலகைமேல் சாக்கு விரித்திருந்தார்கள். அம்மனுக்கு நேராக இருப்பதால் மேடையில் யாரும் செருப்புப் போடக்கூடாது. நாங்கள் எல்லோரும் கழற்றிவிட்டோம். சாக்கு ஈரம் உள்ளங்காலில் குளுகுளுவென்று இருந்தது. ஸ்டோரிலிருந்து கரண்டு எடுத்திருந்தார்கள்.

மைக்செட்டுக்காரர் மெட்டுக்கு அந்தப் பக்கத்துக்காரர், மலையாளி. பாவம், அமைதியான மனிதர். அவர் தன் வயர்களை இழுத்துக்கொண்டிருந்தபோது நான் பிளக்கைத் திறந்தேன். ரேடியோ அண்ணன் சொன்னது ஞாபகம் வந்துதான் திறந்தேன். பச்சை வயரை மாட்டினேன். ஸ்டோரில் காற்றாடி மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ‘உர்ர்ர்’ என்றது. ஒரு நிமிடம் யோசித்தேன். கழற்றிவிட்டேன். ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அவன் அம்மா மஞ்சள் சேலை கட்டி, முதல் வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தார். மகன் மைக் முன்னால் போய் நின்றதும் பக்கத்திலிருந்தவரை முழங்கையால் இடித்துக் காட்டினார். ஸ்பாஞ்ச் உறை மழையில் ஊறிச் சொதசொதவென்று இருந்தது. அவன் அதை உருவிக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்து, குரல் அமுங்கிப்போகிறது என்று சைகை செய்தான். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

முதல் பாட்டு எப்போதும் அம்மன் பாட்டு. கோயில் பம்பைக்காரர்களும் கூடச் சேர்ந்துகொண்டார்கள். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வரும் இசையில் நான் மேடையிலிருந்து இறங்க வேண்டும் என்பது ஏற்பாடு. இறங்கினேன். கூட்டம் வழிவிட்டது. கிடாரிலிருந்து வயர் தொங்கவில்லை என்று பார்த்தவர்கள் குனிந்து தேடினார்கள். ஒருவர் என் முதுகுப்பக்கம் தடவிப் பார்த்தார். களத்தின் மறுமுனைவரை, நாற்பது கஜம் இருக்கும், வாசித்துக்கொண்டே நடந்தேன். நான் நடந்தேன், என் கிடார் அங்கே மேடையில் பாடியது. அந்த ஒரு நிமிடம் எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்கப் போவதில்லை. அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

சரணம் தொடங்கியது. முதல் வரியின் பாதியில் குரல் நின்றது, பேஸும் நின்றது. மறந்துவிட்டான் என்று நினைத்தேன். சமாளிக்கட்டும் என்று நான் வாசிப்பைத் தொடர்ந்தேன். அப்போது மேடைப்பக்கமிருந்து ஒரு குலவைச் சத்தம் எழுந்தது. உடனே நூறு பெண்கள் சேர்ந்து குலவையிட்டார்கள். திரும்பிப் பார்த்தேன். தலைகளுக்கு மேலே அவன் தெரிந்தான். உடம்பு பின்னால் வளைந்து, கிடார் நெஞ்சோடு அழுந்தி, மைக்கில் வாய் பதிந்து, தலை முதல் கால்வரை நடுங்கிக்கொண்டிருந்தான்.

“ஆத்தா வந்துட்டா! எறங்கிட்டா!” என்று களம் முழுவதும் கத்தியது.

நாலு வருடம் காத்திருந்த சனம். அவன் அப்பாவும் இப்படித்தான் பின்னால் வளைந்து நடுங்குவாராம். சாமி வந்தவரை யாரும் பிடித்து இழுக்கமாட்டார்கள். விலகி நின்று கும்பிடுவார்கள். ஒரு பெண் மஞ்சள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி அவன் காலில் ஊற்றினாள். பம்பைக்காரர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பம்பைக்கு ஏற்றபடி நானும் வேகமாக வாசித்தேன். எனக்குச் சாமியில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்தக் குலவையில் மயிர்க்கூச்செறிந்து, இவன்மேல் நிஜமாகவே வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். வயரோடு வாசித்திருந்தால் நான் அவனுக்குப் பத்தடிக்குள் நின்றிருப்பேன். அவன் முகத்தைப் பார்த்திருப்பேன். பிளக் என் காலுக்கடியில் இருந்திருக்கும்.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. மைக்செட்டுக்காரர் மட்டும் “கரண்டாணு! தொடல்லே! தொடல்லே!” என்று கத்தினாராம். கரண்டு, தொடாதீர்கள் என்று. குலவைச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. அவர் ஓடிப்போய் ஸ்டோர்ச் சுவரிலிருந்த மெயினையே இறக்கினார். அந்த நொடியில் என் கிடார் ஊமையானது.

நான் என் செட் பழுதாகிவிட்டது என்று நினைத்தேன். இடுப்பு டப்பாவைத் தட்டினேன். திட்டினேன். பையில் எப்போதும் ஒரு பேட்டரி வைத்திருப்பேன். மூடியைத் திறந்து, பழையதை எடுத்துவிட்டு, புதியதைப் போட்டு, கம்பியை மீட்டிப் பார்த்தேன். மறுபடியும் திட்டினேன். அங்கே அவனைப் பலகைமேல் புரட்டிப்போட்டு நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தார்கள். குலவை நின்று, அந்த இடத்தில் வேறு சத்தம் வந்த பிறகுதான் நான் நிமிர்ந்தேன்.

அவனுடைய ஜீப்பிலேயே அவனைக் கிடத்தினார்கள். வேறொரு டிரைவர் ஓட்டினார். “வெரசா போ, வெரசா போ” என்று எல்லோரும் கத்தினார்கள். அவன் அம்மா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். நானும் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. சாமான்களைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். ஜீப்பு திரும்பியதும், ஆளில்லாத மேடைக்குப் போய் உட்கார்ந்து, ஸ்க்ரூடிரைவரை எடுத்து, பிளக்கைத் திறந்து, பச்சை வயரை அதன் இடத்தில் மாட்டி முறுக்கினேன். மிக நேர்த்தியாக மாட்டினேன்.

போடிக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே உயிர் போய்விட்டது. கரண்டு என்று டாக்டர் எழுதினார். விசாரிக்க வந்தவர்கள் எங்கள் பிளக்கைத் திறந்து பார்த்து, எர்த் சரியாகத்தான் இருக்கிறது என்றார்கள். மழை என்றார்கள், பழைய மைக்செட் வயர்கள் என்றார்கள். மைக்செட்டுக்காரர் இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம் எங்கள் பக்கத் தோட்டங்களில் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அந்தக் களத்தில் சரியான காரியம் செய்த ஒரே மனிதர் அவர்தான். அவரைத் தேடிப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போகவில்லை. குழு கலைந்தது. ரேடியோ அண்ணன் என்னிடம் எதையும் கேட்கவில்லை. நான் அவர் கடை இருக்கும் பக்கம் போவதை விட்டுவிட்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மலைக்குப் போனேன். லயத்து வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் சாவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி இல்லை. கோயிலில் அவனுக்கு ஒரு கல் நட வேண்டும், அம்மன் இறங்கி அப்படியே கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் அம்மா அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். ஒரே அறை. அடுப்புப் புகையில் சுவர் கறுத்திருந்தது.

“அப்பு, நீ அவன் பக்கத்துலதான நின்ன?” என்று கேட்டார்.

நாற்பது கஜம் தள்ளி நின்றேன். தலையாட்டினேன்.

“டாக்டரு கரண்டுன்னு எழுதிட்டாரு. இங்க எல்லாரும் ஆத்தான்றாக. எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீ படிச்சவன், பொய் சொல்ல மாட்ட. எது, சொல்லு.”

உண்மையைச் சொல்லிவிடத்தான் போயிருந்தேன் என்று இங்கே எழுத ஆசையாக இருக்கிறது. அது பொய். எதையும் சொல்லும் எண்ணத்தோடு நான் போகவில்லை.

“மொதக் குலவ நாந்தான் போட்டேன், அப்பு” என்றார். குரல் இறங்கிவிட்டது. “அவுக அப்பாவப் பாத்த மாதிரியே இருந்துச்சு. நான் போட்ட பெறகுதான் மத்தவளுக போட்டாளுக. கரண்டுன்னா, எம்புள்ள சாகச் சாக நான் குலவ போட்டுருக்கேன்.”

உண்மையைச் சொன்னால் நான் பாதி தப்பித்துவிடுவேன், மீதிப் பாதியை இந்த அம்மா தலையில் கட்டிவிடுவேன். பொய் சொன்னால் அவர் தப்பிப்பார், நானும் முழுசாகத் தப்பிப்பேன். எனக்கு வசதியானதும் அவருக்கு நல்லதும் ஒன்றாக இருந்த அந்த இடத்தில் நான் எதற்காகப் பேசினேன் என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியவில்லை.

“ஆத்தாதான் அத்தை” என்றேன். “நான் பக்கத்துல நின்னு பாத்தேன். முகமே மாறிருச்சு. ஆத்தாதான்.”

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பதினாறு நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார். என் இரண்டு கையையும் எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

“அப்ப அவனுக்கு வலிச்சிருக்காது” என்றார். “சாமி வந்தவுகளுக்கு வலி தெரியாது, அப்பு. அவுக அப்பா தீச்சட்டிய வெறுங்கையில ஏந்துவாரு, ஒரு கொப்புளம் வராது. எம்புள்ளைக்கு வலிச்சிருக்காது.”

“வலிச்சிருக்காது அத்தை” என்றேன்.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தார். வெளியே பார்த்து, “யாத்தா, இந்தப் புள்ளைக்கு மொத எல போடுங்க, கீழ போடிக்கு எறங்கணும்” என்று குரல் கொடுத்தார். பந்தலில் இலை போட்டார்கள். அவரே பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினார். நான் வைத்ததையெல்லாம் சாப்பிட்டேன்.